மூன்றாவது விரல் மடங்கும்வரை

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் வாய் திறந்து பேசிய அத்தனை பேருக்கும் பேச்சை எடுத்துக் கொடுத்தவர் ஒரே ஒரு மனிதர்தான். மற்றவர்கள் சும்மா வாயை அசைத்தார்கள். மிகை என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தில் லஸ் முனையில் அரை நிமிஷம் வார்த்தை வராமல் தவித்துப் பார்த்திருக்க வேண்டும். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல், நீங்கள் தேடிய வார்த்தையை நீட்டியிருக்கும்.

அவர் பெயர் பிராம்ப்டர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள். எங்கள் அமெச்சூர் நாடகக் குழுவில் யாருக்கும் அது தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. வெட்கமில்லாமல் 'திரு. பிராம்ப்டர், அபிராமபுரம்' என்று எழுதிப் போட்டேன். தபால்காரர் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பகலில் ஒரு அரசாங்க ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். சாயங்காலமானால் ஏதாவது ஒரு சபா மேடையின் சைடு விங்கில், படுதாவுக்குப் பின்னால், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்த நடிகனுக்கு எடுத்துக் கொடுப்பார். மடியில் நீள நோட்டு. நாடகம் முழுவதையும் தன் கையால் காப்பி எடுத்து, எந்த நடிகன் எந்த இடத்தில் மறப்பான் என்று சிவப்பு மசியில் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார். என்னுடைய பக்கங்களைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

"உனக்கு அழுகை வர இடத்துல எல்லாம் டயலாக் போயிடறது அம்பி" என்பார். "கோவம் வந்தா நன்னா ஞாபகம் இருக்கு. அது என்ன சுபாவமோ."

மேடையில் செய்ததை அவர் மேடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதுதான் அவருடைய வியாதி. ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அடுத்து..." என்று அவர் இழுத்ததும் கடைசி சீட்டிலிருந்து பிராம்ப்டர், "ஆழ்வார்பேட்டை" என்றார். அதற்கடுத்த ஸ்டாப்பையும் சொன்னார். தேனாம்பேட்டை வருவதற்குள் விசிலை மட்டும் கண்டக்டர் ஊதிக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பி, "யோவ், பையையும் நீயே மாட்டிக்கினு டிக்கெட்டு கிழியேன்" என்றார். பிராம்ப்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க தடுமாறினேள், அதான்" என்றார்.

கச்சேரி ரோடில் ஒரு துக்க வீடு. வந்தவர் ஒருவர், "என்ன சொல்றதுன்னே தெரியலை..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். தூணுக்குப் பின்னாலிருந்து, "நேத்துகூடப் பேசிண்டிருந்தார்" என்று மெல்லிய குரல். வந்தவர் அதை அப்படியே சொன்னார். மறுபடி தயங்கினார். "எங்களுக்கே இப்படின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்." அதையும் சொன்னார். அன்று அடுத்தடுத்து வந்த ஏழு பேரும் இதே இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டாமவர் வாய் திறப்பதற்குள் அந்த வீட்டு அம்மாளே, "நேத்துகூடப் பேசிண்டிருந்தார், தெரியும், உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் சும்மா கண்டபடி எடுத்துக் கொடுக்கிற ஆசாமி இல்லை அவர். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். நடிகன் நின்றுவிட்டால் வலது கையில் ஒரு விரலை மடக்குவார். முதல் விரல் மடங்கினால் நடிக்கிறான் என்று அர்த்தம். இரண்டாவது மடங்கினால் யோசிக்கிறான். மூன்றாவது விரல் மடங்கினால்தான் மறந்துவிட்டான். அது மடங்கும்வரை கட்டடமே இடிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

"டயலாக் குடுக்க யாரால வேணா முடியும்" என்பார். "ஆர்ட்டிஸ்ட் வேணும்னே நிறுத்தி ஒரு பாஸ் விட்டிருக்கறச்சே உள்ள புகுந்து குட்டிச்சுவராக்கப்படாது. பதினெட்டு வருஷமா ஒரு பாஸை நான் கெடுத்தது கிடையாது."

அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. குடும்பம் கிடையாது, பிரமோஷன் கிடையாது, போஸ்டரில் பெயர் கிடையாது. சபா வட்டாரத்தில் நாலு குழுக்கள் தேதி மாற்றிக்கொண்டாவது அவரைக் கூப்பிட்டன என்றால் இந்த மூன்று விரலுக்காகத்தான். அதை ஒடித்தவன் நான். இதற்கு மேல் சிரிப்புக்கு நான் உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் புரொபசர். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்து ஆரம்ப நாடகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்தார். கழுத்தைச் சுற்றிப் பொரித்த அப்பளம் மாதிரிக் காலர் போட்டவர்கள் மேடையில் சிரிப்பு மூட்டிய காலம். அதைத் தமிழாக்கி, எங்களுக்கு ஜிப்பா மாட்டிவிட்டார். கதை இதுதான்: இரண்டு உயிர் நண்பர்கள். ஒருவன் பட்டணம் வந்து ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். இரண்டாமவன் பின்னாலேயே வந்து, அதே பெண்ணைப் பார்த்து மயங்கி, நண்பனைப் பெண்ணின் அப்பாவிடம் காட்டிக் கொடுத்து ஊரைவிட்டே துரத்த வைக்கிறான். கடைசியில் காட்டில் குட்டு உடைகிறது. காடு என்றால் எங்கள் நாடகத்தில் கிண்டிக் காடு. படுதாவில் இரண்டு மான். துரோகி மூன்று வரியில் மன்னிப்புக் கேட்கிறான். நண்பன் ஒரே வார்த்தையில் மன்னித்துவிடுகிறான். சுபம்.

துரோகி வேஷம் எனக்கு. நல்ல நண்பன் வேஷம் ரகுவுக்கு. ரகு பாங்கில் கவுண்டர் கிளார்க், யார் என்ன கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிப் பழகியவன்.

ஒத்திகையில் இந்த மன்னிப்புக் காட்சிதான் எல்லாருக்கும் தொண்டையில் சிக்கியது. "சார், ஒரே வார்த்தையில எவன் மன்னிப்பான்?" என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "எங்க தெருவுல ஒரு தோசைக்கல்லைத் திருப்பிக் குடுக்காததுக்கு ரெண்டு ஆத்துலயும் மூணு வருஷமாப் பேச்சே இல்லை."

"அந்தக் காலத்து நாடகத்துல காதலைவிட சிநேகம் ஒசத்திப்பா" என்றார் புரொபசர். "சிநேகிதனுக்காகப் பொண்ணையே விட்டுக்கொடுக்கறவாள்லாம் உண்டு. நம்பித்தான் ஆகணும்."

"ஜனங்க சிரிப்பா சார். ரகுவுக்கு இன்னும் ஒரு பக்கம் டயலாக் வேணும்."

முக்காலியிலிருந்து பிராம்ப்டர் தலையைத் தூக்கினார். ஒத்திகையில் அவர் அபிப்பிராயம் சொல்வது அபூர்வம். "மன்னிக்கறவனுக்கு எதுக்கு டயலாக்? கேக்கறவனுக்குத்தான் டயலாக் வேணும். அது வராமத்தான் லோகத்துல பாதிப் பேர் திண்டாடிண்டிருக்கா."

நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

முதல் காட்சி மயிலாப்பூரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு. அன்று எனக்கு வேறொரு விசேஷமும் இருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. பெண்ணின் அப்பா நாடகப் பைத்தியம். "சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் அப்புறம். பையன் நடிக்கறானாமே, முதல்ல நாங்க அவனை மேடையில பார்த்துடறோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். ஆக, மூன்றாவது வரிசையில் இடது ஓரமாகப் பெண், அவள் அம்மா, அப்பா. பெண் பார்க்கப் போகவேண்டியவனை முகத்தில் ரோஸ் பவுடரோடு நிற்கவைத்து, ஊரிலுள்ள சபா ஜனங்கள் முன்னிலையில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் நாலு இடத்தில் எனக்கு மறந்தது, நாலு தடவையும் பிராம்ப்டர் பஞ்சு மாதிரி எடுத்துக் கொடுத்தார், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கடைசியில் கிண்டிக் காடு வந்தது. ஒத்திகைப்படி நான் மேடையின் நட்ட நடுவில் ரகு எதிரில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே நின்றால் மூன்றாவது வரிசை இடது ஓரத்துக்கு என் முதுகுதான் தெரியும். எனவே, யாரையும் கேட்காமல், உணர்ச்சி தாளாதவன் போல் நடந்து இடது ஓரத்துக்குப் போய் நின்றேன்.

மேலேயிருந்து கம்பியில் மூன்று மைக் தொங்கும். இடது மைக், பிராம்ப்டர் உட்கார்ந்திருந்த சைடு விங்குக்குப் பக்கத்தில். அதனடியில் போய் நின்று, மூன்றாவது வரிசையைப் பார்த்து, "நண்பா..." என்றேன். பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு சரி. மூன்று வரியும் கபாலீஸ்வரர் தெப்பக்குளத்தில் போட்ட கல்.

மைக் செட்காரர் மாரி, என் குரல்தான் இறங்கிவிட்டது என்று நினைத்து இடது மைக்கின் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். ஓரக்கண்ணால் பார்த்தேன். சைடு விங்கில் ஒரு விரல் மடங்கியது. இரண்டாவது மடங்கியது. சிறிது பொறுத்து மூன்றாவதும் மடங்கியது. அப்புறம் எட்டு ஒலிபெருக்கியிலும், அரங்கத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும், பிராம்ப்டரின் கட்டைக் குரல் முழங்கியது.

"நண்பா, நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். நீ நம்பினே, நான் கெடுத்தேன். என்னை மன்னிச்சுடு."

நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் ரகு, கவுண்டர் பழக்கத்தில், பட்டென்று சொன்னான்: "மன்னிச்சுட்டேன்."

சபை அடித்த சிரிப்பில் மேலேயிருந்து ஒரு மைக் ஆடியது. துரோகம் செய்தவன் மரம் மாதிரி நிற்க, அசரீரி மன்னிப்புக் கேட்டு, அதையும் ஒருவன் மன்னித்துவிட்டான். ராஜா அண்ணாமலைபுரத்து அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படுதா இறங்கிய பிறகும் சிரிப்பு ஓயவில்லை.

க்ரீன் ரூமுக்கு சபா செக்ரட்டரி வந்தார். அவர் தலையை ஆட்டினால்தான் அடையாறிலும் தி. நகரிலும் மற்ற சபாக்கள் எங்களுக்குத் தேதி தரும். அவர் பின்னாலேயே, எனக்குப் போதாத காலம், பெண்ணின் அப்பா.

"யார் தப்பு இது?" என்றார் செக்ரட்டரி. "மறந்தது யாரு?"

நோட்டோடு பிராம்ப்டர் ஓரமாக நின்றிருந்தார். புரொபசர் என்னைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவும் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது. "நான் மறக்கலை சார். பாஸ் விட்டேன். அவர் அவசரப்பட்டுட்டார்."

இந்த வசனம் மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்காமலே தடங்கலின்றி வந்தது.

அறையில் எல்லாரும் பிராம்ப்டர் பக்கம் திரும்பினார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்தார். மூன்று விரலும் இன்னும் மடங்கித்தான் இருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அப்புறம் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பின்னால் நின்ற பெண்ணின் அப்பாவையும் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். ஜாதகம் பொருந்தியதை நான்தான் முதலில் அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருந்தேன்.

"ஆமா" என்றார். "ரெண்டுலயே குடுத்துட்டேன். என் பேர்லதான் தப்பு."

"அனுபவஸ்தர் இப்படிப் பண்ணலாமா? இனிமே இந்த மேடைக்கு வேற ஆளைக் கூட்டிண்டு வாங்கோ" என்று செக்ரட்டரி போய்விட்டார். பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டி, "நடிப்புல பாஸ்தான் மாப்பிள்ளை கஷ்டம்" என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்த சந்தோஷத்தில் நான் பிராம்ப்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது முக்காலி மட்டும் இருந்தது.

சபா வட்டாரம் சின்னது. 'ரெண்டுல குடுத்துட்டாராமே' என்ற பேச்சு ஒரே வாரத்தில் நாலு குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. வயசாகிவிட்டது, விரல் நிதானம் தப்பிவிட்டது என்றார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

அடையாறில் அடுத்த காட்சி. மாரி வயர் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். "இன்னா சார், பாஸு வுட்டேன்னு சொன்னியாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் உன்னையேதான் பாத்துக்கினு இருந்தேன். திருதிருன்னு முழிச்சிக்கினு நின்னே. அவரு நல்லா எண்ணிட்டுத்தான் குட்த்தாரு. நாடகத்துல நீ காட்டிக் குடுத்தா காசு குடுத்துப் பாக்குறாங்க. வெளியவும் அதே வேலையா நைனா?"

"உன் வேலையைப் பாரு" என்றேன். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆகவே வசனம் மறக்கவில்லை.

கல்யாணத்துக்கு அவர் வந்தார். விலாசத்தில் சொந்தப் பெயர்கூட இல்லாத பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ரிசப்ஷன் வரிசையில் நின்று எங்கள் முன்னால் வந்து, ஒரு டார்ச் லைட்டைப் பரிசாகக் கொடுத்தார். நான் மனைவியிடம் அறிமுகம் செய்ய வேண்டும். "இவர்..." என்றேன். நின்றுவிட்டேன். பிராம்ப்டர் என்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் மாமனாருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வரும், கதை கிளறப்படும். வேறு பெயரும் எனக்குத் தெரியாது.

வேஷ்டி ஓரத்தில் அவர் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. உதடு அசையாமல் மெல்லச் சொன்னார். "'தெரிஞ்சவர்'னு சொல்லு."

"இவர் தெரிஞ்சவர்" என்றேன்.

என் மனைவிக்குக் கைகூப்பிவிட்டு, பந்திக்குப் போய்விட்டார்.

ஆறேழு வருஷம் ஓடியது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, திடீரென்று, "அன்னிக்கு நீங்க மறந்துதானே போனேள்?" என்றாள்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மூணாவது வரிசை. எல்லாரும் சிரிக்கறச்சே உங்க தொண்டைக்குழி ஏறி எறங்கினது வரைக்கும் தெரிஞ்சுது. அப்பாவுக்குத்தான் கண்ணாடி கையில இருந்தது."

"தெரிஞ்சுமா என்னைப் பண்ணிண்டே?"

"மறக்கறது ஒரு தப்பா? பாவம்னுதான் இருந்தது. க்ரீன் ரூம்ல நீங்க சொன்னதை அப்பா ரொம்ப நாள் கழிச்சுப் பெருமையாச் சொன்னப்போ, பத்திரிகை அடிச்சாச்சு." கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "கல்யாணத்துல அவர் உங்களுக்கு எடுத்துக் குடுத்தது என் காதுலயும் விழுந்தது. அந்த டார்ச் லைட் மாமாவாத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கோ. எனக்கே கேவலமா இருக்கு."

அபிராமபுரத்தில் ஒரு மாடி போர்ஷன். போகிற வழியெல்லாம் நாலு வாக்கியம் உருப்போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி, "வா அம்பி, உக்காரு" என்றார். அலமாரியில் நீள நோட்டுகள் முதுகு காட்டி வரிசையாக நின்றன. வேலை இல்லாத முக்காலியில் தண்ணீர்க் கூஜா வைத்திருந்தார்.

"சார், அன்னிக்கு நான்..." என்றேன்.

நாலு வாக்கியமும் போயிற்று. உனக்கு அழுகை வர இடத்துல எல்லாம் டயலாக் போயிடறது என்று அவரே சொன்னாரே. பழக்கதோஷம், கண் தானாக அவர் வலது கைக்குப் போனது. ஒரு விரல் மடங்கியது. இரண்டாவது. மூன்றாவதும் மடங்கியது. வார்த்தை வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டருக்குக் கொடுத்தார். துக்கம் கேட்க வந்தவனுக்குக் கொடுத்தார். என் கல்யாணத்தில் தன்னையே மறைத்துக்கொள்ள எனக்கு வசனம் கொடுத்தார். இப்போது மடக்கிய மூன்று விரலோடு என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தார். காப்பியைப் பற்றிப் பேசினோம்.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. "ஏன் சார், எனக்கு எடுத்துக் குடுக்கலை?"

"பாஸ் விட்டிருக்கியோன்னு நினைச்சேன்" என்றார். "நடுவுல புகுந்துட்டேன்னு ஆயிடப்படாதே."

குத்திக் காட்டுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். கிடையாது. மாடி விளக்கைப் போட்டு, நான் கடைசிப் படி இறங்கும்வரை நின்றிருந்தார்.

அப்புறம் அவர் ரிட்டயராகி, தங்கை பிள்ளையோடு வடக்கே எங்கேயோ போய்விட்டதாகக் கேள்வி. விலாசம் கிடைக்கவில்லை; பெயரே தெரியாதவனுக்கு எப்படிக் கிடைக்கும். ஆனால் இது அச்சாகிற இந்த வாரப் பத்திரிகையை அவர் ஒரு வாரம்கூடப் படிக்காமல் விடமாட்டார். அதை நம்பித்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் நாலைந்து இடத்தில் பேனா நின்றது. நின்ற போதெல்லாம் என் காது தானாக இடது பக்கம் சாய்ந்தது.

பிராம்ப்டர் சார், நீங்கள் மூன்று எண்ணித்தான் கொடுத்தீர்கள். நான் விட்டது பாஸ் இல்லை, மறந்துதான் போனேன். நீங்கள் நம்பினீர்கள், நான் கெடுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நோட்டைப் பிரித்துப் பாருங்கள் சார், வரி சரியாக வந்திருக்கிறதா?